பெயர் ஒட்டினால் போதுமா?

2008 ஜனவரி 16 அன்று, வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன்னிடமிருந்த பழைய புகைப்படங்களில் சுமார் மூவாயிரத்தை ஃப்ளிக்கர் இணையதளத்தில் வெளியிட்டது. ஏறக்குறைய பாதி, 1910-களில் நியூயார்க்கில் இயங்கிய பெயின் செய்தி நிறுவனத்தின் கறுப்பு வெள்ளைப் படங்கள். மீதி, 1930-களின் கடைசியிலும் 40-களிலும் அமெரிக்க அரசு எடுக்கச் செய்த வண்ணப் படங்கள். பெயின் படங்கள் பலவற்றுக்கு நூலகத்திடம் இருந்த விவரம் ஒற்றை வரிதான். சிலவற்றில் அதுவும் தப்பு. படத்துக்குப் பொருத்தமான குறிச்சொற்களைப் போடுங்கள், தெரிந்த செய்தி இருந்தால் கீழே எழுதுங்கள் என்று நூலகம் உலகத்தாரைக் கேட்டுக்கொண்டது.

கூட்டம் திரண்டது. அதே ஆண்டு அக்டோபருக்குள் படங்கள் 4,615 ஆகியிருந்தன. 2,518 பேர் சேர்ந்து 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தார்கள். குறிச்சொல்லே இல்லாத படங்கள் நூறுகூடத் தேறவில்லை. ஆபாசம், வசை என்று நூலகம் நீக்க நேர்ந்தவை 25-க்கும் குறைவு. பொதுமக்களை நம்பி ஒரு காப்பகத்தின் கதவைத் திறந்தால் குப்பைதான் சேரும் என்று அஞ்சியவர்களுக்கு இது நல்ல பதில்.

ஆனால் இன்னொரு எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த முயற்சியால் நூலகத்தின் சொந்தப் பட்டியலில் திருத்தப்பட்ட பதிவுகள் ஐந்நூற்றுச் சொச்சம். அந்தத் திருத்தங்களுக்குப் பெரும்பாலும் வழிசெய்தவை, ஆர்வலர்கள் பழைய நாளேடுகளைத் தோண்டியெடுத்துப் படத்தின் கீழே எழுதிய குறிப்புகள். இவர் இன்னார், இந்தத் தெரு இன்ன ஊரில் இருந்தது, இந்தக் கப்பல் இன்ன ஆண்டில் வந்தது என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். தொப்பி, மரம், குதிரை என்று கண்ணில் பட்டதைச் சொல்லும் குறிச்சொற்களால் பட்டியல் மாறவில்லை.

அப்படியானால் குறிச்சொல் இடுவது வீண் வேலையா? ஆயிரக்கணக்கான படங்களையோ கட்டுரைகளையோ ஆவணங்களையோ வைத்திருக்கும் எவரும் ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொருள் வாரியாகப் பெயர் ஒட்ட ஆளும் நேரமும் வேண்டும். ஒட்டிய பிறகு அதை யாராவது பயன்படுத்தவும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் உழைப்பு விழலுக்கு இறைத்த நீர்தான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை 1987-ல் ஜார்ஜ் ஃபர்னாஸ், தாமஸ் லாண்டவர், லூயிஸ் கோமஸ், சூசன் டுமைஸ் ஆகிய நால்வர் ஓர் ஆய்வில் அளந்து காட்டினார்கள். சமையல் குறிப்புக்குத் தேடுசொல், விற்பனை விளம்பரத்துக்கு வகைப்பெயர், கணினிக்குக் கட்டளை என்று பல துறைகளில் ஆட்களிடம் ஒரே பொருளைக் கொடுத்து, இதற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பேர் தம் விருப்பப்படி ஒரே பெயரைச் சொல்லும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. அதாவது ஒருவர் நன்றாக யோசித்து ஒரு பெயரை ஒட்டி வைத்தாலும், தேடி வரும் ஐந்து பேரில் நான்கு பேர் வேறு பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள்.

தமிழில் இந்த வாய்ப்பு இன்னும் குறைவாக இருந்தாலும் வியப்பில்லை. ஒரே செயல் ஒரு மருத்துவமனைச் சுவரில் ரத்ததானம், இன்னொன்றில் இரத்த தானம், பள்ளிப் பாடநூலில் குருதிக்கொடை. ஒரே நகரம் பழைய நூல்களில் சென்னப்பட்டணம், மதராஸ், மெட்ராஸ், இன்று சென்னை. போதாததற்குச் சொல்லின் வடிவம் மாறுவது வேறு. மரம் என்று தேடினால் மரத்தடியும் மரங்களும் எல்லாத் தேடலிலும் அகப்படுவதில்லை. எழுத்தை அப்படியே பொருத்திப் பார்க்கும் இயந்திரத்துக்கு இவை வெவ்வேறு சொற்கள். படிப்பவருக்குத்தான் ஒன்று.

இதற்குத் தீர்வு தேடி ஆயுளையே செலவிட்ட ஒருவர் சீர்காழியில் பிறந்தவர். எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். பயிற்சிக்கு லண்டன் போனபோது அங்கே செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள் அடங்கிய தொகுப்பு அது. அதே துண்டுகளை வெவ்வேறு விதமாகப் பூட்டினால் ஒருமுறை பாலம், மறுமுறை பாரந்தூக்கி. நூல்களின் பொருளையும் இப்படித் துண்டுகளாக வைத்துக்கொண்டு தேவைக்கேற்பப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1933-ல் வெளிவந்த அவருடைய கோலன் பகுப்பு முறை அந்த எண்ணத்தின் விளைவு.

அதுவரை உலகம் பெரும்பாலும் பின்பற்றியது மெல்வில் டியூயி 1876-ல் வெளியிட்ட தசமப் பகுப்பு. அதில் அறிவு முழுவதும் பத்து வகுப்பு, ஒவ்வொன்றும் மறுபடி பத்து என்று முன்கூட்டியே பிரித்து வைக்கப்பட்டிருக்கும். வரும் நூலை எந்த இடத்தில் செருகுவது என்பதுதான் நூலகரின் வேலை. ரங்கநாதன் கேள்வியையே மாற்றினார். இந்த நூல் எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, என்ன செயல் நடக்கிறது, எங்கே, எப்போது என்று ஐந்து வகைக் கூறுகளாக ஒரு பொருளை அவர் அலசினார். நுரையீரல் காசநோயை எக்ஸ் கதிரால் குணப்படுத்துவது பற்றி 1950-ல் இந்தியாவில் நடந்த ஆராய்ச்சி என்றால், மருத்துவம், நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ் கதிர், ஆராய்ச்சி, இந்தியா, 1950 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு வந்து சேர்ந்து நிற்கும். இன்று துணிக்கடை இணையதளத்தில் நிறம், அளவு, விலை, நெசவு என்று தனித்தனியாகத் தேர்ந்து வடிகட்டும்போது நம் கை வைப்பது இந்தச் சிந்தனையின் மேல்தான்.

இவ்வளவு நுட்பமாகச் செய்தால் பலன் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் துணிச்சல் இங்கிலாந்தில் ஒரு நூலகருக்கு வந்தது. கிரான்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த விமானவியல் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 1957-ல் தொடங்கிய சோதனையில் அவர் 18,000 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு நான்கு முறைகளில் பொருளடைவு செய்யச் சொன்னார். தசமப் பகுப்பின் விரிவான ஐரோப்பிய வடிவம் ஒன்று, அகரவரிசைத் தலைப்புகள் ஒன்று, ரங்கநாதன் காட்டிய வழியில் கூறுகளைச் சேர்க்கும் முறை ஒன்று. நான்காவது, யூனிடெர்ம் என்று பெயர்பெற்ற எளிய முறை. கட்டுரையில் இருக்கும் தனித்தனிச் சொற்களையே எடுத்துப் பட்டியலிடுவது அது. ஒரு கட்டுரைக்கு இரண்டு நிமிடம் முதல் பதினாறு நிமிடம் வரை நேரத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். பிறகு 1,200 கேள்விகளைக் கொண்டு தேடிப் பார்த்தார்கள்.

நூலக உலகம் 1962-ல் முடிவைப் படித்து ஆடிப்போனது. தேடிய கட்டுரையைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் நான்கும் 74 முதல் 82 சதவீதத்துக்குள் ஏறக்குறைய ஒன்றுபோலத் தேறின. சற்றே முன்னால் நின்றது யூனிடெர்ம். கூறுகளைச் சேர்க்கும் முறைக்குக் கடைசி இடம். ஒரு கட்டுரைக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் செலவிட்டதால் சொல்லும்படியான லாபம் இல்லை. தேடியது கிடைக்காமல் போன இடங்களில் பெரும்பாலும் குற்றம் முறையினுடையது அல்ல, அடைவு செய்தவரின் கைப்பிழை.

சோதனை நடந்த விதத்தில் குறை இருக்கிறது என்று பலர் வாதிட்டார்கள். கேள்விகளே அந்தத் தொகுப்பில் உள்ள கட்டுரைகளை வைத்து எழுதப்பட்டவை என்பது அவர்கள் தரப்பு. நியாயமான ஆட்சேபம்தான். கிளெவர்டன் சளைக்காமல் 1,400 கட்டுரைகளை வைத்து, 33 விதமான அடைவு முறைகளைக் கொண்டு மறுபடி சோதித்தார். 1966-ல் வந்த விடை முன்னைவிடக் கறாராக இருந்தது. கட்டுரையில் உள்ளபடியே எடுத்த தனிச்சொற்கள்தான் மற்ற எதையும்விட நன்றாக வேலை செய்தன. இன்றைய தேடுபொறிகள் கட்டுரையின் சொற்களையே பிடித்துக்கொண்டு தேடத் துணிந்ததற்குப் பின்னால் இந்தச் சோதனை மரபு இருக்கிறது.

ரங்கநாதனின் உழைப்பு வீண் என்று இதற்குப் பொருள் கொள்வது அவசரம். கிளெவர்டனின் கட்டுரைகளை எழுதியவர்கள் விமானவியல் அறிஞர்கள். படித்தவர்களும் அவர்களே. இறக்கையின் அருகே காற்று எப்படிப் பிரிகிறது என்பதற்கு இரு தரப்பும் ஒரே கலைச்சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். எழுத்து தன் பொருளைத் தானே சொல்லிக்கொள்ளும்போது மேலே இன்னொரு பெயர் ஒட்டுவதால் லாபம் குறைவு. எழுத்து சொல்லாமல் விட்டதைச் சொல்லும்போதுதான் குறிச்சொல்லுக்கு உயிர் வருகிறது.

தமிழில் இதற்கு ஈராயிரம் ஆண்டு மரபின் சாட்சி உண்டு. புறநானூற்றுப் பாடல்களின் அடியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் என்று ஒரு குறிப்பு இருக்கிறது. பாடலைத் தொகுத்தவர்களோ பின்வந்தவர்களோ சேர்த்தது அது. பாடலுக்குள் பல இடங்களில் அரசன் பெயர் இருக்காது. யார் யாரிடம், எந்தச் சூழ்நிலையில் பேசுகிறார் என்பதும் வெளிப்படையாக இருக்காது. அடிக்குறிப்பு ஒரு வரியில் அதைச் சொல்லிவிடும். அந்த ஒரு வரி சிதைந்துபோன பாடல்களில் இன்றும் ஆய்வாளர்கள் ஊகித்துக்கொண்டிருக்கிறார்கள். உ.வே. சாமிநாதையர் 1894-ல் புறநானூற்றை அச்சேற்றியபோது பாடலோடு சேர்த்து இந்தக் குறிப்புகளையும் காப்பாற்றிக் கொடுத்தார் என்பது எவ்வளவு பெரிய காரியம்!

அதே குறிப்புகள் இன்னொன்றையும் காட்டுகின்றன. தொல்காப்பியம் வகுத்த புறத்திணைகள் ஏழு. புறநானூற்றுக் குறிப்புகளிலோ கரந்தை, நொச்சி ஆகியவை தனித் திணைகளாக வருகின்றன. எதிலும் அடங்காதவற்றுக்குப் பொதுவியல் என்ற திணையும் இருக்கிறது. உலகமே அறிந்த கணியன் பூங்குன்றனார் பாடலின் திணை பொதுவியல்தான். துறை, பொருண்மொழிக்காஞ்சி. வகுத்து வைத்த பெட்டிகள் போதாமல் போவதும், புதுப் பெட்டி சேர்ப்பதும், கடைசியில் 'இதர' என்று ஒரு பெட்டி வைப்பதும் அன்றே நடந்திருக்கிறது. சில பாடல்களுக்குத் தரப்பட்ட துறை பொருந்தாது என்று பின்வந்த அறிஞர்கள் மறுத்தும் இருக்கிறார்கள்.

இன்றைய உலகில் மிகுந்த கவனத்தோடு இந்த வேலையைச் செய்யும் இடம் மருத்துவம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-ல் மெஷ் என்ற பொருள்தலைப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் இன்று சுமார் 30,000 தலைப்புகள். மூன்று கோடிக்கும் மேற்பட்ட மருத்துவக் கட்டுரைகளின் விவரங்களைத் தாங்கும் பப்மெட் தளம் அதன் துணையோடு நடக்கிறது. ஒரு மருத்துவர் மாரடைப்பு என்று எழுதுவார். இன்னொருவர் இதயத்தசை இறப்பு என்று கலைச்சொல்லில் எழுதுவார். எப்படி எழுதினாலும் இரண்டும் ஒரே தலைப்பின் கீழ் வரும். இதயநோய் என்ற பெருந்தலைப்பில் தேடினால் அதற்குள் அடங்கும் எல்லா நோய்களும் கூடவே வரும். ஒரு மருந்தின் பக்கவிளைவை ஆராய்கிறவருக்கு ஒரு கட்டுரை தவறிப்போனாலும் ஆபத்து. அதனால்தான் அங்கே ஆண்டுதோறும் பட்டியலைத் திருத்துகிறார்கள்.

அங்கும் பெயர் பின்தங்கித்தான் வரும். பின்னாளில் எய்ட்ஸ் என்று பெயர்பெற்ற நோயைப் பற்றிய முதல் அறிக்கைகள் 1981-ல் வந்தன. அந்த நோய்க்கென்று தனித் தலைப்பு மெஷ் பட்டியலில் ஏறியது 1983-ல். இடையில் வந்த கட்டுரைகளை அந்நாளில் தேடியவர்கள் நோய் எதிர்ப்பாற்றல் குறைபாடு போன்ற பொதுத் தலைப்புகளுக்குள் நுழைந்துதான் எடுத்திருக்க வேண்டும். புதியது எதுவாக இருந்தாலும் அது முதலில் பெயரில்லாமல்தான் வருகிறது.

மருத்துவ நூலகத்தில் பட்டியலைக் காக்க ஆள் உண்டு. காவலே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு இணையமே பாடம். 1990-களில் ஒரு பக்கத்தை உருவாக்குகிறவர் அது எதைப் பற்றியது என்று மறைவாகச் சில சொற்களை அதன் தலைப்பகுதியில் எழுதி வைக்கும் வசதி இருந்தது. அன்றைய தேடுபொறிகள் அதை நம்பின. விரைவிலேயே வியாபாரிகள் அதில் புகழ்பெற்றவர்கள் பெயரையும் போட்டியாளர் பெயரையும் சம்பந்தமே இல்லாத நூறு சொற்களையும் அடைக்கத் தொடங்கினார்கள். 2009 செப்டம்பரில் கூகுள் நிறுவனம், தரவரிசைக்கு அந்தச் சொற்களைத் தான் பார்ப்பதே இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. பெயர் ஒட்டுகிறவருக்கு அதில் ஆதாயம் இருந்து, சரிபார்க்க யாரும் இல்லையென்றால், பெயர் விளம்பரமாகிவிடும்.

ஹேஷ்டேக் பிறந்ததும் யாரும் காவல் இல்லாத இடத்தில்தான். 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெஸ்ஸினா என்ற வடிவமைப்பாளர், ட்விட்டரில் ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒரு குறியைச் சொல்லுக்கு முன்னால் போட்டால் என்ன என்று கேட்டார். நிறுவனம் அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபரில் சான் டியாகோ பகுதியில் காட்டுத்தீ பரவியபோது மக்கள் அந்தக் குறியோடு செய்தி பரிமாறிக்கொண்டார்கள். 2009-ல் ட்விட்டரே அதைச் சொடுக்கத்தக்க இணைப்பாக மாற்றியது.

ஹேஷ்டேக் பிறந்து எட்டு ஆண்டு கழித்து அதன் அருமையைச் சென்னை அறிந்தது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் கொட்டிய மழையும் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் சேர்ந்ததில் அடையாறு கரை கடந்தது. மின்சாரம் போனது. சென்னை ரெயின்ஸ் ஹெல்ப் என்ற ஹேஷ்டேக்கில், எங்கள் மாடியில் பத்துப் பேர் தங்கலாம், இந்தத் தெருவில் முதியவர் மாட்டிக்கொண்டிருக்கிறார், இங்கே உணவு தயார் என்று செய்திகள் குவிந்தன. அந்தக் குவியலைப் பயனுள்ளதாக்கியவர்கள் முகம் தெரியாத தன்னார்வலர்கள். வெவ்வேறு ஊர்களில் உட்கார்ந்து ஒவ்வொரு செய்தியையும் எடுத்து, பகுதிவாரியாகப் பட்டியலில் ஏற்றி, தொலைபேசியில் கூப்பிட்டு உண்மையா என்று சரிபார்த்தார்கள். ஏனென்றால் மீட்கப்பட்டவரைப் பற்றிய பழைய வேண்டுகோளும் அதே குறியோடு சுற்றிக்கொண்டேயிருந்தது. குறி ஆட்களைக் கூட்டிச் சேர்த்தது. உதவியைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை பட்டியல் எழுதிய கைகள். அந்தக் கைகளுக்கு இந்த நகரம் கடன்பட்டிருக்கிறது.

மக்களின் சுதந்திரத்தையும் காவலையும் சேர்த்து நடத்த முடியாதா? முடியும் என்று காட்டியது ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளம். தங்களுக்குப் பிடித்த நாவல், திரைப்படம், தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகளின் காப்பகம் அது. 2009 நவம்பரில் திறந்தார்கள். இன்று ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. எழுதுகிறவர் தன் கதைக்கு எந்தக் குறிச்சொல்லையும், எந்த எழுத்துக்கூட்டலிலும் போடலாம். யாரும் தடுப்பதில்லை. ஆனால் திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் அந்தச் சொற்களைப் படித்து, ஒரே பொருள் தரும் சொற்களையெல்லாம் ஒரு பொதுச்சொல்லோடு இணைத்து வைக்கிறார்கள். எழுதியவரின் சொல் அப்படியே இருக்கும். வாசகர் அவற்றில் எந்தச் சொல்லைச் சொல்லித் தேடினாலும் எல்லாக் கதைகளும் வந்து நிற்கும். 2019-ல் அந்தத் தளத்துக்கு அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது கிடைத்தபோது, கதை எழுதியவர்களோடு இந்தத் தன்னார்வலர்களுக்கும் அதில் பங்கு இருந்தது.

அங்கேயும் வரம்பு தேவைப்பட்டது. ஒரே கதைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிச்சொற்களைப் போட்டு ஒருவர் தேடல் பக்கத்தையே நிரப்ப, மற்றவர்களுக்கு அதைத் தாண்டிப்போக விரல் தேய்ந்தது. 2021-ல் ஒரு படைப்புக்கு 75 என்று எல்லை வகுத்தார்கள். அதுவே ஏராளம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

காவல் என்று ஒன்று வந்தால் அதிகாரமும் கூடவே வரும். டியூயியின் பகுப்பில் சமயத்துக்கு ஒதுக்கிய 200-ஆம் வகுப்பில் 220 முதல் 289 வரை கிறித்துவம். இந்து சமயம், பௌத்தம், இஸ்லாம் உட்பட உலகின் மற்ற எல்லாச் சமயங்களும் 290-க்குள். இலக்கியத்தில் ஆங்கிலத்துக்கு 820, பிரெஞ்சுக்கு 840 என்று முழு வகுப்புகள். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஏனைய மொழிகள் என்ற வகுப்பில் புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் தள்ளி. சங்க இலக்கியம் முதல் இன்றைய நாவல் வரை அந்த நீண்ட எண்ணுக்குள் அடைந்து கிடக்க வேண்டும். திட்டம் போட்டவர் எங்கே நின்றுகொண்டு உலகத்தைப் பார்த்தார் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடுகிறது.

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. 2014-ல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி மாணவர்கள் தங்கள் நூலகப் பட்டியலில் 'சட்டவிரோத அந்நியர்கள்' என்ற பொருள்தலைப்பைக் கண்டு வருந்தினார்கள். ஆவணம் இல்லாமல் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய நூல்களை அந்தப் பெயரின் கீழ்தான் தேட வேண்டியிருந்தது. மாணவர்களின் முறையீடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் வரை போனது. 2016-ல் நூலகம் அந்தத் தலைப்பை மாற்றுவதாக அறிவித்தது. கீழவையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். விஷயம் கிடப்பில் விழுந்தது. கடைசியில் 2021 நவம்பரில்தான் குடியுரிமை அற்றோர், சட்டவிரோதக் குடியேற்றம் என்று இரண்டாகப் பிரித்து மாற்றும் முடிவு வந்தது. ஒரு தலைப்பை மாற்ற ஏழு ஆண்டு. மனிதர்கள் மேல் ஒட்டும் பெயரை அந்த மனிதர்களைக் கேட்காமல் ஒட்டக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இனி இயந்திரமே எல்லாப் பெயரையும் ஒட்டிவிடாதா என்று கேட்கலாம். பாதி ஒட்டிவிட்டது. மெஷ் தலைப்புகளை இடும் வேலையை அமெரிக்க மருத்துவ நூலகம் 2022-ல் கணினியிடம் ஒப்படைத்தது. மனிதர்கள் இப்போது தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கிறார்கள். கைப்பேசியில் கடற்கரை என்று தேடினால் பெயரிடாத படங்களிலிருந்தும் கடற்கரை வருகிறது. கண்ணுக்குத் தெரிவதை இயந்திரம் சொல்லும். 1962-ல் ஊர்ப் பள்ளிக்கூடத் திறப்பு விழாப் படத்தில் மேடையில் நிற்பவர்களில் நிலம் கொடுத்தவர் யார், கட்டடம் கட்டிய கொத்தனார் யார் என்பதை அது சொல்லாது. அது தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு.

2005-ல் தொடங்கிய 'நூலகம்' என்ற ஈழத்துத் தமிழ் மின்னூலகம் இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி. நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றுகிறார்கள். வெறும் படமாக இருக்கும் பக்கத்துக்குள் சொல்லைத் தேட முடியாது. அதனால் ஒவ்வொரு பதிவிலும் ஆசிரியர், வெளியீட்டாளர், ஆண்டு, மொழி ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார்கள். இதழ் என்றால் உள்ளே இருக்கும் கட்டுரை, கதைத் தலைப்புகளையும் உட்கார்ந்து தட்டெழுதி வைக்கிறார்கள். 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 90,000-க்கும் மேற்பட்ட நூல்களை இழந்த சமூகம் அது. எங்கே என்ன இருக்கிறது என்று எழுதி வைப்பதன் அருமை அதற்குத் தெரியும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு ஒரு முடிவுக்கு வரலாம். தட்டெழுதிய கட்டுரைகள் சில நூறு மட்டும் இருக்கும் தொகுப்புக்குக் குறிச்சொல் தேவையில்லை. சொல்தேடலும் ஒழுங்கான தலைப்பும் போதும். புகைப்படம், ஒலிப்பதிவு, படமாக்கிய பழைய இதழ், பல ஊர் வழக்குகளில் எழுதிய நேர்காணல் என்றால் குறிச்சொல் கட்டாயம் வேண்டும். அதுவும் முதலில் ஆள், ஊர், ஆண்டு என்ற மூன்று போதும். பொருள்வாரிச் சொற்களை இருபது முப்பதுக்குள் நிறுத்தி, ஒரே தாளில் எழுதி, எந்த எழுத்துக்கூட்டல் என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்வது நல்லது. மாதம் ஒருமுறை அந்தத் தாளைப் பார்த்துத் திருத்த ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கவில்லை என்றால் பொருள்வாரிக் குறிச்சொற்களைத் தொடங்காமலே இருப்பது மேல்.

பள்ளி ஆண்டு மலர்களையும் நாடக மன்றத்துப் படங்களையும் கிளை நூலகத்தின் பழைய பதிவேடுகளையும் வைத்திருப்பவர்கள் ஆயிரம் படத்துக்கும் ஒரே மூச்சில் பெயர் போட முனைய வேண்டாம். ஊரில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் யார் யார் என்று முதலில் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஐம்பது படங்களை எடுத்துக்கொண்டு அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். அவர் சொல்லும் பெயர்களை அவர் சொல்லும்படியே எழுதி வாங்குங்கள்.